ரிசல்ட் வந்த நாளிலிருந்து கம்பஸ் பதிவு நாள் வரை: வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்த கையோடு எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு மேசை போட்டு, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வரும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக உதவி செய்து வருகிறோம். மாங்குளத்துக்குக் கிழக்கே, பஸ் குறைவான பக்கம். வருகிறவர்களில் பலர் வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸ் வாசலைப் பார்க்கப் போகிறவர்கள். வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் மாறினாலும் பிழைவிடும் இடங்கள் மட்டும் மாறுவதில்லை.

பெரிய பிழை, "போவதா, விடுவதா" என்று முதல் வாரமே முடிவெடுக்கப் பார்ப்பது. விண்ணப்பிப்பது வேறு, போவது வேறு. விண்ணப்பம் உங்களை எதிலும் கட்டிப்போடாது, பதிவுதான் கட்டும். இரண்டுக்கும் நடுவில் பல மாதங்கள் கிடக்கின்றன. அதனால் கீழே உள்ள ஒழுங்கில், தீர்மானம் எடுக்கும் படியைக் கடைசிப் பக்கம் தள்ளியிருக்கிறேன்.

1. ரிசல்ட் வருமுன்: தாள்களைச் சேருங்கள்

பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும் வரை உள்ள மாதங்கள் இதற்குத்தான். விண்ணப்பம் திறந்தால் சில வாரங்களில் மூடிவிடும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்த அதைவிட அதிக நாள் ஆகலாம்.

வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம். இவற்றை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, உங்கள் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழில் மட்டும் பார்த்தால் போதாது. ஒரு தங்கச்சியின் தாள் ஒன்றில் தகப்பன் பெயர் "இராசையா", இன்னொன்றில் "ராசையா". தமிழில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆங்கில எழுத்தில் போனதும் அவளுடைய முதலெழுத்தே மாறிவிட்டது: ஒன்றில் ஐ, மற்றதில் ஆர். கணினி அதை இரண்டு ஆளாகத்தான் எடுக்கும்.

வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். சிலதுக்குத் திருத்தம் வேண்டும், சிலதுக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி போதும். எது என்று அவர்களே சொல்வார்கள்.

இப்போது ஏ.எல். எழுதுகிறவர்கள் அனேகமாக 2006, 2007, 2008 இல் பிறந்தவர்கள். இடம்பெயர்வுக் காலம். பிறந்தது ஓரிடம், பதிந்தது இன்னோரிடம், அசல் எங்கேயோ போய், கையில் மங்கிய போட்டோக் கொப்பி மட்டும் என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். அதில் உள்ள பதிவு இலக்கமும் திகதியும் இருந்தால் புதிய பிரதி எடுப்பது சுலபம். பதிவே செய்யப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கு இன்றே போங்கள், ரிசல்ட்டுக்குக் காத்திராதீர்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். கொமினிகேஷன் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கடை மூடியிருப்பதைப் பார்த்து நிற்பவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். போன் இலக்கமும் அப்படித்தான். ரீலோட் போடாமல் கட்டாகும் சிம்மைக் கொடுக்காதீர்கள்.

2. ரிசல்ட் வந்ததும்: எதை முதலில் பார்ப்பது

பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சுட்டெண்ணை அடித்தால் வரும். முதல் சில மணித்தியாலம் தளம் திணறும். எங்கள் பக்கச் சிக்னலுக்கு இன்னும் கூடத் திணறும். அவசரம் ஒன்றும் இல்லை. வந்ததும் முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்.

எல்லோரும் ஏ, பி, சி எத்தனை என்றுதான் எண்ணுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய ஒழுங்கு வேறு.

முதலில், மூன்று பாடமும் சித்தியா? ஒரே அமர்வில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி) இருந்தால்தான் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குத் தகுதி. அடுத்து, ஏ.எல்.லோடு சேர்த்து எழுதிய பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி இருக்கிறதா? இதை மறந்துபோய் மூன்று ஏ-யோடு மலங்க மலங்க நின்ற பிள்ளையைக் கண்டிருக்கிறேன். அதன் பிறகு இசட் புள்ளி. நாலு தசமதானத்தில் இருக்கும். உங்கள் கதையைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

இசட் புள்ளி ஏன் என்று விளங்கினால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு பேச்சுக்கு எடுப்போம். ஒரு பாடத்தில் நாட்டின் சராசரி 40, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 15. நீங்கள் எடுத்தது 55. சராசரியைவிட 15 கூட. அதை 15 ஆல் பிரித்தால் 1. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10, உங்களுக்கு 65. ஐந்தைப் பத்தால் பிரித்தால் 0.5. ஆகவே 65 ஐவிட 55 தான் உங்களைத் தூக்கிவிடுகிறது. இப்படி மூன்று பாடத்துக்கும் எடுத்த சராசரிதான் தாளில் இருப்பது. "அவனுக்கும் எனக்கும் ஒரே ரிசல்ட், அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது" என்ற கேள்விக்கு அனேகமாக இதுதான் பதில்.

மாவட்ட நிலையைப் பார்த்துச் சந்தோசப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம். முல்லைத்தீவு, மன்னார் மாதிரிச் சின்ன மாவட்டத்தில் 30 ஆவது இடமும் யாழ்ப்பாணத்தில் 30 ஆவது இடமும் ஒன்றில்லை.

ஒரு பாடத்தில் நம்பவே முடியாத புள்ளி வந்திருந்தால் விடைத்தாள் மீள்பரிசீலனைக்குப் போடலாம். அதற்கென ஒரு முடிவுத் திகதி அறிவிப்பார்கள். ஆனால் அதை நம்பிப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும்.

3. உங்கள் மாவட்டம் எது?

சிரிக்காதீர்கள். வன்னியில் இது நிஜமான கேள்வி. ஒட்டுசுட்டானில் வீடு, வவுனியாவில் ஏ.எல்.; துணுக்காயில் வீடு, யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்று படிப்பு. இப்படி நிறையப் பேர்.

ஏன் முக்கியம் என்றால், அனுமதி மூன்று வழியில் நடக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்த 16 இல் உண்டு. சில கற்கைநெறிகளுக்கு மட்டும் மாவட்டப் பங்கே இல்லை, நாடு முழுக்க ஒரே வரிசை.

மாவட்டத்தை முடிவுசெய்வது அடையாள அட்டை முகவரி என்று நினைக்காதீர்கள். பரீட்சைக்கு முன்னைய வருடங்களில் எங்கே பள்ளிக்கூடம் போனீர்கள் என்பதில்தான் கணக்கு தொடங்கும். நடுவில் மாவட்டம் மாறியிருந்தால் பெற்றோரின் நிரந்தர வதிவிடத்தைக் காட்டச் சொல்வார்கள். அங்கே வாக்காளர் இடாப்பு வேலை செய்யும். ஆகவே பள்ளிக்கூடம் மாறியவர்கள் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் (அடுத்த படியில் சொல்கிறேன்) இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசித்து, பழைய பள்ளிக்கூடத்தின் கடிதத்தையும் வாக்காளர் இடாப்புப் பிரதியையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வெட்டுப்புள்ளி (ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி ஆளின் இசட் புள்ளி) மாவட்டத்துக்கு மாவட்டம் கூடக் குறைய இருப்பதைப் பார்த்து, வாய்ப்பான மாவட்டத்தைத் தாங்களே தெரிந்தெடுக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. பிழையான தகவல் பிறகு பிடிபட்டால், கிடைத்த இடமும் போகும்.

4. கைநூலை வாசிப்பது

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் ஒரு கைநூல் வெளியிடும். தடித்த புத்தகம். அண்ணன் வைத்திருந்த பழைய கைநூல் பழக மட்டும் உதவும். நிரப்பும்போது அந்த வருடத்துக் கைநூல்தான் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் புதிய கற்கைநெறிகள் சேரும், நிபந்தனை மாறும்.

முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. உங்கள் பிரிவுக்குரிய கற்கைநெறிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம்? ஓ.எல்.லில் கணிதம், ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஏதாவது தரம் கேட்கிறார்களா? தனியாக உளச்சார்புப் பரீட்சை அல்லது செய்முறைப் பரீட்சை உண்டா?

மூன்றாவது கேள்வியில்தான் வன்னிப் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். சங்கீதம், நடனம், சித்திரம், வடிவமைப்பு, உடற்கல்வி போன்ற சில கற்கைநெறிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தானே பரீட்சை வைக்கும். அதற்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வேறு முடிவுத் திகதி. பிரதான விண்ணப்பத்தில் பெயர் போட்டுவிட்டோம் என்று வீட்டில் இருந்தால் கூப்பிட மாட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடனம் படிக்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளை, பரீட்சை முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு எங்களிடம் வந்தாள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

5. விருப்பு வரிசை: இங்கே அவசரப்படாதீர்கள்

ஒவ்வொரு கற்கைநெறிக்கும் அது நடக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு உண்டு, யுனி-கோட் என்பார்கள். ஒரே கற்கைநெறி மூன்று பல்கலைக்கழகத்தில் இருந்தால் மூன்று யுனி-கோட். உங்களுக்கு வேண்டியவற்றை வேண்டிய ஒழுங்கில் அடுக்க வேண்டும்.

தெரிவு நடக்கும் விதம் எளிது. உங்கள் முதல் விருப்பத்துக்கு உங்கள் புள்ளி போதுமா என்று பார்ப்பார்கள். போதும் என்றால் அதுதான் உங்களுக்கு. போதாது என்றால் இரண்டாவது. பிறகு மூன்றாவது. முதலாவதாகக் கிடைக்காத ஒன்றைப் போட்டதற்காக இரண்டாவதில் உங்களுக்குத் தண்டனை கிடையாது.

இதை விளங்கிக்கொள்ளாமல், "பெரிசா ஆசைப்பட்டா உள்ளதும் போயிடும்" என்று, கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடுகிறார்கள். ஒரு தம்பியின் படிவத்தைச் சொல்கிறேன். கணிதப் பிரிவு. மனதில் இருந்தது பொறியியல். கொமினிகேஷனில் ஆரோ சொன்னதைக் கேட்டு, பௌதிக விஞ்ஞானத்தை முதலாவதாகவும் பொறியியலை நாலாவதாகவும் அடித்து, எங்களிடம் "ஒருக்கா பாருங்கோ அண்ணை" என்று கொண்டுவந்தான். போன வருட வெட்டுப்புள்ளியோடு பார்த்தால் அவன் புள்ளிக்குப் பொறியியல் எட்டக்கூடிய தூரம். அந்த ஒழுங்கிலேயே போயிருந்தால் முதலாவது கிடைத்து, நாலாவதை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். அன்றைக்கே மாற்றினோம். முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தகுதியுள்ள யுனி-கோட் ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். வீட்டுத் திண்ணையில் பரப்பி, இரண்டிரண்டாக எடுத்து, "இந்த இரண்டும் ஒன்றாகக் கையில் வந்தால் எதை எடுப்பேன்" என்று கேட்டு மேலே கீழே நகர்த்துங்கள். சுலபமான வேலையாகத் தெரியும். ஒரு மாலை முழுக்க எடுக்கும். வெட்டுப்புள்ளிப் பட்டியலை அப்போது கண்ணில் காட்டாதீர்கள். அடுக்கி முடித்த பிறகு பாருங்கள்.

பார்க்கும்போது உங்கள் மாவட்ட நிரலைப் பாருங்கள். யாழ்ப்பாண நிரலைப் பார்த்துப் பயந்து போனவர்களும் உண்டு. அது போன வருடத்துப் புள்ளி என்பதையும் மறக்கக்கூடாது. இந்த வருடம் ஏறும், இறங்கும். சில கட்டங்களில் புள்ளிக்குப் பதில் என்.கியூ.சி. என்று இருக்கும். அந்த மாவட்டத்திலிருந்து தகுதியான விண்ணப்பதாரர் யாரும் அந்த முறை இருக்கவில்லை என்று அர்த்தம். கதவு பூட்டு என்று எடுக்காதீர்கள். தகுதி இருந்தால் போடுங்கள்.

இன்னொரு மயக்கம்: மாவட்ட அடிப்படை என்றால் பக்கத்துப் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று. அப்படி இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாசலில் இருந்தாலும் உங்களுக்கு உறுதி கிடையாது. முள்ளியவளைப் பிள்ளைக்கு மாத்தறையில் உள்ள ருகுணுவோ, பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸவோ வரலாம். பக்கத்தில்தான் படிக்க வேண்டும் என்ற நிலைமை வீட்டில் இருந்தால், அதை விருப்பு வரிசையில்தான் காட்ட வேண்டும். கடிதம் வந்த பிறகு மாற்றலாம் என்று இருக்காதீர்கள்.

வரிசையை யார் போடுவது என்பதில் வீடுகளில் சண்டை வரும். தாய் தகப்பனும் பிள்ளையும் இருந்து பேசட்டும். சுவிஸில் இருக்கும் மாமா போனில் சொல்வதைக் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கோட் அடிக்கும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். நாலு வருடம் அந்த வகுப்பில் இருக்கப்போவது மாமா இல்லையே.

6. படிவத்தை நிரப்பும் நாள்

விண்ணப்பம் இணையவழியில். போனில் செய்யலாம் என்றாலும் கணினியில் செய்வது நல்லது, பெரிய திரையில் பிழை தெரியும். முடிவுத் திகதிக்கு ஒரு கிழமை முன்பே முடியுங்கள். கடைசி நாளில் தளமும் திணறும், மழைக்கு மின்சாரமும் போகும்.

கொமினிகேஷனில் நிரப்பினால், அடிக்கிறவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். யுனி-கோட்டை நீங்கள் வாசிக்க அவர் அடிக்கட்டும். பிறகு அவர் வாசிக்க உங்கள் தாளோடு நீங்கள் ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினால் பல்கலைக்கழகமே மாறிவிடும்.

முகவரியில் கவனம். எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு இலக்கம் இல்லை, கடிதம் சந்திக் கடைக்குத்தான் வரும். கிராமம், வட்டாரம், தபாலகம் மூன்றையும் தெளிவாகப் போட்டு, தபால்காரரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். ஒப்படைத்ததும் முழுப் படிவத்தையும் அச்செடுங்கள். அச்சடித்ததை ஒப்பமிட்டு அனுப்பச் சொன்னால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் படிவத்தோடு குத்தி வையுங்கள்.

"சிறுபோக விதைப்பு முடியட்டும், பிறகு பாப்பம்" என்பது வீடுகளில் கேட்கும் வசனம். விதைப்பு முடியும்போது விண்ணப்பமும் முடிந்திருக்கும். ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும்.

7. திரும்ப எழுதுவதா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. இது எத்தனையாவது என்று முதலில் எண்ணுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். 2024 ஏ.எல். ரிசல்ட் 2025 ஏப்ரல் 26 இல் வந்தது. அடுத்த பரீட்சை நவம்பர் 10 இல் தொடங்கியது. இடையில் ஆறரை மாதம். அதில் முதல் ஒரு மாதம் துக்கத்திலும் விண்ணப்பத்திலும் போய்விடும். மூன்று பாடமும் இறங்கியிருந்தால் அந்த ஐந்தரை மாதத்தில் மூன்றையும் தூக்குவது கடினம். ஒரு பாடம் மட்டும் கீழே இழுத்திருந்தால், அதுவும் ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், எழுதலாம் என்பேன். காரணம் தெரியாமல் "இந்தமுறை நல்லாப் படிப்பன்" என்று மட்டும் சொன்னால் அதே புள்ளிதான் வரும், பார்த்திருக்கிறேன்.

இப்போதைய ரிசல்ட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டே திரும்ப எழுதலாம். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிந்து உள்ளே போனவர், பிந்திய ரிசல்ட்டைக் காட்டி வேறு கற்கைநெறிக்கு விண்ணப்பிப்பதற்கு விதி தடை போடுகிறது. ஆகவே பதிவுக் கடிதம் வரும் நேரத்தில் இரண்டாம் முறைப் பரீட்சையும் நடுவில் நின்றால், பதியுமுன் கைநூலின் அந்தப் பகுதியை எடுத்து வாசியுங்கள்.

8. மற்றக் கதவுகளையும் இப்போதே தட்டுங்கள்

ஆணைக்குழுவின் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, வரவில்லை என்று தெரிந்த பிறகு மற்றதைத் தேடினால் அங்கே அந்த வருடம் முடிந்திருக்கும். இவை எல்லாம் வேறு வேறு நேரத்தில் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் விண்ணப்பம் கோரும்.

ஆசிரியராக விருப்பம் என்றால் தேசிய கல்வியியற் கல்லூரிகள். வவுனியாவிலேயே ஒன்று இருக்கிறது. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றில் உயர்தேசிய டிப்ளோமாவுக்கு உயர்தொழில்நுட்ப நிறுவகங்கள், யாழ்ப்பாணத்தில் உண்டு. கைத்தொழில் பக்கம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். அங்கே கிடைக்கும் என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழை "கம்பஸ் கிடைக்காதவனுக்கு" என்று குறைத்துப் பேசுவது எங்கள் ஆட்களின் பழக்கம். என்.வி.கியூ. 7 ஆம் மட்டம் வரை இருக்கிறது, அது பட்டத்துக்குச் சமம். வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டங்களும் உண்டு, ஆனால் தானாக இருந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் முதலாம் வருடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

தனியார் நிறுவனம் ஒன்றில் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பட்டத்தை வழங்குவது யார், அதற்கு அரச அங்கீகாரம் உண்டா? பதாகையில் உள்ளதை நம்பாமல், ஆணைக்குழுவின் அல்லது அமைச்சின் அங்கீகாரப் பட்டியலில் கற்கைநெறியின் பெயரோடு தேடுங்கள். காணியை அடகு வைத்துக் கட்டிய காசு திரும்பி வராது.

9. வீட்டுக் கணக்கு

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. மிச்சம் எல்லாவற்றுக்கும் உண்டு. இதைப் பேசாமல் பிள்ளையை ஏற்றிவிட்டு, மூன்றாம் மாதம் மைக்ரோ கடன் எடுத்த வீடுகள் தெரியும்.

ஒரு தாளில் மாதச் செலவை எழுதுங்கள்: சாப்பாடு, தங்குமிடம், போட்டோக் கொப்பி, போன் டேட்டா, மாதம் ஒருமுறை வீடு வர பஸ். விடுதி எல்லா வருடமும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று எழுதாதீர்கள். வெளியே அறை எடுத்தால் எவ்வளவு என்று அங்கே படிக்கிற ஒரு பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள். அதற்கு எதிரே வருமானம்: மகாபொல அல்லது பர்சரி, அதாவது பல்கலைக்கழக மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் உதவிப்பணம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். உதவிதான், ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு மாதம் ஓடாது. முதல் தவணை பிந்தி வரும் என்று வைத்து, முதல் நாலைந்து மாதத்தைக் கைக்காசில் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்த கணக்கு காசில் வராது. வீட்டில் யார் குறைகிறார்கள்? மூத்த பிள்ளை போனால் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது யார், அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது யார்? பிள்ளைகள் இதை வாயால் சொல்ல மாட்டார்கள், உள்ளே வைத்துக்கொண்டு "எனக்குக் கம்பஸ் விருப்பமில்லை" என்பார்கள். அப்படிச் சொல்லும் பிள்ளையிடம் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். காரணம் வீட்டு வேலை என்றால் அதற்கு வழி தேடலாம்: சித்தப்பா ஒரு போகம் பார்ப்பாரா, குத்தகைக்கு விடலாமா? உண்மையிலேயே படிப்பில் மனம் இல்லை, கராஜில்தான் மனம் என்றால் அதுவும் பதில்தான். எட்டாம் படி அதற்காகத்தான்.

10. கடிதம் வந்ததும்

இப்போதுதான் தீர்மானம். ஒன்பதாம் படியில் எழுதிய தாள் கையில் இருந்தால் ஒரு இரவுப் பேச்சில் முடியும்.

முதலில் பதிவு முடிவுத் திகதியைச் சிவப்பால் சுற்றுங்கள். அந்த நாளுக்குள் பதியாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். வெற்றிடம் நிரப்பும் சுற்றுகள் அதற்காகவே நடக்கின்றன. அதே காரணத்தால், முதல் சுற்றில் கடிதம் வராதவர்களும் சில மாதம் மின்னஞ்சலையும் ஆணைக்குழு இணையத்தளத்தையும் பார்த்தபடி இருக்க வேண்டும்.

போவது என்றால் மகாபொல, பர்சரி விண்ணப்பத்தை உடனே கவனியுங்கள். வருமானத்தைக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டும். கிராம அலுவலர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களைக் கேட்டு, தேவையான பிரதிகளோடு ஒரே தடவையில் போங்கள்.

போகும் வரை கிடைக்கும் வாரங்களில் ஆங்கிலம் வாசியுங்கள். அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் கூட விரிவுரை ஆங்கிலத்தில்தான். தமிழில் மூன்று ஏ எடுத்த பிள்ளை முதல் கிழமை ஒன்றும் விளங்காமல் இருந்தால் அது மூளைக் குறைவு அல்ல. உங்கள் பாடத்தின் கலைச்சொற்களை ஒரு நாளைக்குப் பத்து என்று எழுதிப் பழகினால் அந்தக் கிழமை கொஞ்சம் இலகுவாகும்.

பகிடிவதையைப் பற்றியும் வீட்டில் முன்பே பேசுங்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். யாரிடம் முறையிடுவது என்று முதல் நாளே கேட்டு, அந்த இலக்கத்தைப் போனில் போட்டு வைக்கட்டும்.

பதிவு நாளுக்கு அசல்கள் ஒரு கோப்பில், பிரதிகள் இன்னொன்றில். அசல் கோப்பைப் பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்திருங்கள். பம்பைமடு என்றால் காலை பஸ் போதும். மாத்தறை, பதுளைப் பக்கம் என்றால் முதல் நாளே வவுனியாவுக்கு இறங்கி, அங்கிருந்து இரவுப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்; தகப்பனோ அண்ணனோ கூடப் போவது நல்லது, திரும்பி வரும் காசையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.